கடன் நோட்டில் அம்மாவின் பக்கம்

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய உன் மேடை நகைச்சுவை வீடியோவை இரண்டு முறை பார்த்தேன். முதல் முறை சிரிக்க. அடுத்த முறை, ஆட்கள் எந்த இடத்தில் சிரிக்கிறார்கள் என்று பார்க்க. "அண்ணே, எங்க தப்பு பண்றேன்னு மட்டும் சொல்லுங்க" என்று எழுதியிருந்தாய். தப்பு எதுவும் இல்லை. அதுதான் எனக்குக் கவலை. எட்டு நிமிடமும் கைதட்டல் விழவேண்டிய இடத்தில் விழுகிறது. ஆனால் இதே எட்டு நிமிடத்தை ஈரோட்டுப் பையன் ஒருவன் நாளைக்கு எடுத்துப் பேசினாலும் அதே இடங்களில்தான் விழும். ஒரு சொல்லைக்கூட மாற்றத் தேவையிருக்காது.

பட்டியலைப் பார். வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும். ஞாயிற்றுக்கிழமை சக்திமான். ஆன்டெனாவைத் திருப்ப மொட்டை மாடிக்கு ஏறியது. குரங்கு பெடல். தேன் மிட்டாய். ஒவ்வொன்றுக்கும் ஒரு விசில். ஆனால் நீ பிறந்தது 1997 என்று உன் கடிதத்திலேயே இருக்கிறது. சக்திமான் தொடங்கியதும் அதே 1997-இல்தான். சன் டிவி வந்தது 1993 ஏப்ரலில். அதற்குப் பிறகு ஒளியும் ஒலியும் பார்க்கத் தெருவே ஒரு வீட்டில் கூடுவது மெல்ல மெல்லக் குறைந்துபோயிற்று. தொட்டிலில் கிடந்துகொண்டா ஆன்டெனா திருப்பினாய்? அது உன் பெரியப்பா மகனுடைய சிறுவயது. வாட்ஸ்அப்பில் வந்து உன்னுடையதாகிவிட்டது.

இதில் உன்னை மட்டும் குறை சொல்ல முடியாது. பழைய பொருள்களின் பெயரை வரிசையாகச் சொன்னால் கூட்டம் ஆர்ப்பரிக்கும். அந்த ஆரவாரம் அவரவர் தம் சொந்த ஞாபகத்துக்குத் தாமே தட்டிக்கொள்ளும் கை. அதில் உன் பங்கு, பெயரை உச்சரித்தது மட்டும். வீட்டுக்குப் போய் யாரும் "அந்தப் பையன் நல்லா பேசினான்" என்று சொல்ல மாட்டார்கள், "தேன் மிட்டாய் இப்ப எங்க கிடைக்குது?" என்றுதான் கேட்பார்கள்.

ஆனால் ஐந்தாவது நிமிடத்தில் ஒரு வரி வந்தது. அப்பாவின் மளிகைக் கடையைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போகும்போது, "கடன் நோட்டுல எங்கம்மா பேர்லயும் ஒரு பக்கம் இருக்கும்" என்றாய். சொல்லிவிட்டு அடுத்த நொடியே சக்திமானுக்கு ஓடிவிட்டாய். யாரும் சிரிக்கவில்லை. சிரிக்க நீ நேரம் கொடுக்கவில்லை. நான் வீடியோவை அந்த இடத்தில் நிறுத்தினேன்.

தம்பி, ஒரு மனிதர் தன் சொந்தக் கடையில் தன் மனைவிக்குக் கடன் கணக்கு வைத்திருந்திருக்கிறார். இதை வைத்துக்கொண்டு நீ ஏன் தேன் மிட்டாய்க்குப் போனாய்?

அங்கேயே உட்கார். அந்தப் பக்கத்தின் தலைப்பில் என்ன எழுதியிருந்தது? அம்மாவின் பெயரா, "வீடு" என்றா? மற்ற வாடிக்கையாளர்களை "பால்காரர்", "டீச்சரம்மா", "மூன்றாவது தெரு" என்று எழுதுவாரே, அம்மாவுக்கு அப்படி ஏதாவது அடையாளம் வைத்திருந்தாரா? அரைக் கிலோ உளுந்து எடுக்க அம்மா கடைக்கு வந்தால், நான்கு பேருக்குப் பின்னால் நின்றாரா, கல்லாவுக்கு உள்பக்கமாக வந்து எடுத்துக்கொண்டாரா? மாசக் கடைசியில் பாக்கி எப்படித் தீர்ந்தது? அம்மா காசு கொடுத்தாரா? அந்தக் காசை அம்மாவுக்குக் கொடுத்தது யார்? அப்பா கொடுத்த வீட்டுச் செலவுப் பணத்தையே அப்பாவிடம் திருப்பிக் கொடுத்து, அப்பா அதை எண்ணிப் பார்த்து வாங்கியிருந்தால், அதைவிட நல்ல காட்சியை எந்த எழுத்தாளனாலும் எழுதிக் கொடுக்க முடியாது. பக்கத்து வீட்டு அக்காளுக்கு ஐந்து ரூபாய் தள்ளுபடி செய்தவர் அம்மாவுக்குச் செய்தாரா? ராத்திரி சாப்பாட்டில் குழம்பு நன்றாக இருந்தபோது, அதில் விழுந்த புளி இன்னும் பாக்கியில் இருப்பது அவர் நினைவில் ஓடியதா?

இதையெல்லாம் நான் ஊகிக்கிறேன். உனக்குத் தெரியும். தெரியாததைப் போன் போட்டுக் கேட்டுக்கொள்ளலாம்.

இன்னொன்றும் கவனி. உன் வீடியோவில் அப்பா ஒரு கஞ்சர். ஃபேனை அணைக்கிறார், சோப்புத் துண்டுகளை ஒட்டுகிறார். எல்லார் வீட்டு அப்பாவும் மேடையில் கஞ்சர்தான். ஆனால் சின்னக் கடை வைத்திருக்கிறவர்கள் வீட்டுக்கு எடுத்த சாமானை எழுதி வைப்பது கஞ்சத்தனத்தால் மட்டும் இல்லை. எழுதாவிட்டால் சரக்குக்கும் பணத்துக்கும் கணக்கு ஒட்டாது. கடை நஷ்டத்தில் ஓடுகிறதா, வீடு சாப்பிட்டுத் தீர்க்கிறதா என்று தெரியாமலே ஒருநாள் மொத்த வியாபாரி சரக்குத் தர மாட்டேன் என்பான். உன் அப்பாவுக்கு அந்தப் பயம் இருந்திருக்கிறது. பயந்த மனிதர் ஒருவர் கறாரான முதலாளியாக நடிக்கிறார், அதுவும் பெண்டாட்டியிடம். இப்போது அவர் கேலிச்சித்திரத்திலிருந்து வெளியே வந்து மனிதராக நிற்கிறார், சிரிப்பும் கூடுகிறது.

அவர் உன்னைவிட 26 வயது மூத்தவர் என்று மேடையில் சொல்கிறாய். அப்படியானால் உன் கதையில் வருகிற மூன்றாம் வகுப்புப் பையனின் அப்பாவுக்கு வயது 34. நீயோ குரலைக் கனக்க வைத்து, இருமி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அறுபது வயதுக் கிழவரைச் செய்துகாட்டுகிறாய். இது ஏறக்குறைய இன்றைய அப்பா. அன்றைக்கு அந்தக் கடையில் நின்றது உன்னைவிட ஆறே வயது பெரிய ஆள். உனக்கு இப்போது 28. இதே வயதில் அவர் கையில் இரண்டு வயதுக் குழந்தையாக நீ இருந்தாய், தலைமேல் கடை வாடகை இருந்தது. உன் நண்பர்களில் ஒருவனை நினைத்துக்கொள், வண்டி இன்ஷூரன்ஸ் புதுப்பிக்க மறக்கிறானே, அந்த மாதிரி ஒருவனை. அவனிடம் ஒரு பிள்ளையையும் ஒரு கடையையும் கொடுத்தால் எப்படிப் பேசுவான்? அந்தக் குரலில் அப்பாவைப் பேசு. குழந்தைப் பருவத்தைச் சொல்கிறவர்களில் பெரும்பாலோர் குழந்தையின் உயரத்திலிருந்து அண்ணாந்து பார்த்தே சொல்லி முடித்துவிடுகிறார்கள். பாதிக் கதைதான் அதில் தெரியும். நீ இப்போது அவர் உயரத்துக்கு வந்துவிட்டாய், நேராகப் பார்க்கலாம்.

அடுத்தவன் சிறுவயதைப் பேசிப் பிழைத்த ஒரு மகா கலைஞனின் கதையைச் சொல்கிறேன். முதலில் அந்த அடுத்தவன். 1960களில் அமெரிக்காவில் பில் காஸ்பி என்ற இளைஞர், பிலடெல்பியா நகரில் கழிந்த தன் சிறுவயதைச் சொல்லியே நாட்டைச் சிரிக்கவைத்தார். 1968-இல் வந்த ஒரு இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுக்க, ஒரே கட்டிலில் தம்பி ரஸ்ஸலோடு படுத்துத் தூங்காமல் போட்ட சண்டைதான். இரண்டு பையன்கள், ஒரு கட்டில், பக்கத்து அறையில் அதட்டுகிற அப்பா. ஆபாசம் கிடையாது, பஞ்ச் லைனுக்கு ஓட்டமும் கிடையாது. கிட்டத்தட்ட அரை மணி நேரம் அந்த அறையை விட்டு அவர் வெளியே வரவே இல்லை. ஓரிடத்தில் தங்கிப் பேசுவது எப்படி என்று இன்றைக்கும் அதைக் கேட்டுக் கற்றுக்கொள்ளலாம். அவரைப் பற்றிச் சொல்லவேண்டிய வேறொன்றும் உண்டு, பிறகு வருகிறேன்.

அதே காலத்தில் ரிச்சர்ட் ப்ரையர் என்ற இன்னொரு கறுப்பின இளைஞர் காஸ்பியைப் போலவே பேசிக் காசு பார்த்துக்கொண்டிருந்தார். சுத்தமான, யாரையும் உறுத்தாத நகைச்சுவை. 1967-இல் லாஸ் வேகஸில் அலாதீன் ஹோட்டல் மேடையில் ஏறி, நிறைந்திருந்த கூட்டத்தைப் பார்த்து, நான் இங்கே என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டு, இறங்கிப் போய்விட்டார். கேட்காமல் என்ன செய்வார்? அவர் வளர்ந்தது இல்லினாய் மாநிலத்துப் பியோரியா ஊரில், அவருடைய பாட்டி நடத்திய பாலியல் தொழில் விடுதியில். அந்த வீட்டுப் பிள்ளை இன்னொரு வீட்டுக் கட்டிலில் எத்தனை நாள் படுத்திருக்க முடியும்?

பிறகு 1979-இல் 'லைவ் இன் கான்சர்ட்' என்ற படம் வந்தது. ஒரு மேடை, ஒரு மைக், ஒரு ஆள். அதில் பாட்டி தன்னை அடித்த கதையைச் சொல்வார். அடிப்பதற்கான குச்சியை அவரையே ஒடித்துக்கொண்டு வரச் சொல்லும் பாட்டி. ப்ரையர் அங்கே அடியைச் சொல்லி முடித்துவிடுவதில்லை. மரத்துக்கு நடக்கிற பையன் ஆகிறார். கிளையை ஒடிக்கிறார். திரும்பி வரும்போது அந்தக் குச்சி காற்றை வெட்டுகிற சத்தத்தைச் செய்துகாட்டுகிறார். அந்தச் சத்தத்துக்கே பையன் அழ ஆரம்பித்துவிடுகிறான், வீடு இன்னும் வரவில்லை. அந்த நடையில்தான் எல்லாம் இருக்கிறது. தண்டனையைத் தானே தேர்ந்தெடுத்துச் சுமந்துவரும் ஒரு குழந்தை. கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கிறது, வயிற்றுக்குள் ஏதோ பிசைகிறது, இரண்டும் ஒரே சமயத்தில்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், நம் மேடைகளில் 'அம்மா எறிந்த செருப்பு' என்றொரு துணுக்கு சுற்றுகிறது. ஒவ்வொரு ஓப்பன் மைக்கிலும் குறைந்தது மூன்று செருப்பு பறக்கிறது. செருப்பு திருப்பத்தில் வளைந்து வரும், கதவு இடுக்கில் நுழைந்து வரும், ஏவுகணை மாதிரி வரும். அடி வாங்கிய எல்லாரும் சிரிப்பார்கள். எனக்கு அது அலுத்துவிட்டது. அதில் செருப்பு மட்டும்தான் இருக்கிறது, அம்மா இல்லை. பள்ளிக்கூடத்துப் பிரம்பு ஜோக்கும் அப்படித்தான். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு பள்ளியில் பிள்ளையை உடலாலும் மனத்தாலும் துன்புறுத்தக் கூடாது என்று தடுக்கிறது. உன் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் கல்லூரிப் பிள்ளைகளுக்கு வாத்தியார் பிரம்பு உனக்குத் தெரிந்த அளவுக்குத் தெரியாது. "அந்தக் காலத்துல அடிச்சு வளர்த்தாங்க, அதான் நல்லா இருக்கோம்" என்று நீ முடித்தபோது முன்வரிசைப் பெண் ஒருத்தி சிரிக்காமல் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், வீடியோவில் தெரிகிறது. அந்த முடிப்பை எடுத்துவிடு. அது ஜோக் இல்லை, சான்றிதழ். அடித்தவருக்கும் தேவைப்படாத சான்றிதழ்.

அடி வாங்கிய கதையைச் சொல்லவே கூடாது என்று சொல்லவில்லை. அடிக்கு முன்னால் அந்தக் கை எங்கே இருந்தது என்று பார். ரேஷன் கடை வரிசையிலா, மாமியார் சொன்ன ஒரு சொல்லிலா, தண்ணீர் லாரி வராத மதியத்திலா? அங்கிருந்து கதையைத் தொடங்கினால் செருப்பு வரும்போது அது யார் மேல் விழுந்தது என்பதே வேறாக இருக்கும்.

சரி, நிஜம் எவ்வளவு, கற்பனை எவ்வளவு? இதை நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்லவேண்டும். மேடையில் கூட்டிச் சொல்வது நம் தொழில். மூன்று நாளில் நடந்ததை ஒரு ராத்திரியில் நடந்ததாகச் சொன்னால் யாரும் வழக்குப் போட மாட்டார்கள். ஆனால் எல்லை ஒன்று உண்டு. அமெரிக்காவில் ஹசன் மின்ஹாஜ் என்ற நகைச்சுவையாளர் இந்திய முஸ்லிம் குடியேறிகளின் பிள்ளையாகத் தான் வளர்ந்த கதையை 2017-இல் 'ஹோம்கமிங் கிங்' என்ற நிகழ்ச்சியாகச் செய்தார். அப்பாவை அவர் காட்டிய விதம் அருமை. 2023-இல் நியூயார்க்கர் பத்திரிகை அவர் மேடையில் சொன்ன பல சம்பவங்களை விசாரித்து, சில அப்படி நடக்கவே இல்லை என்று எழுதியது. உணர்வு உண்மையானது என்று அவர் பதில் சொன்னார். எனக்கு அந்தப் பதிலில் பாதிதான் சம்மதம். சோப்பு ஒட்டுகிற கதையைப் பெருக்கலாம். அப்பாவின் அசட்டுத்தனத்தை இரண்டு படி ஏற்றலாம். ஆனால் ஒரு காயத்தைச் சொல்லிக் கூட்டத்தின் கண்ணில் தண்ணீர் வரவைத்தால், அந்தக் காயம் உன் மேல் இருக்கவேண்டும். சிரிப்புக்குப் பொய் சொல்லலாம், அழுகைக்குச் சொல்லக்கூடாது. இது நான் எனக்கு வைத்துக்கொண்ட கணக்கு, நீ வேறு வைத்துக்கொள்ளலாம்.

நிஜத்தைத் தேட எளிய வழி, வீட்டில் இன்னொருவரிடம் கேட்பது. மதுரைச் சித்திரைத் திருவிழாவில் நான் தொலைந்துபோன கதையை மேடையில் வெகுநாள் சொல்லிவந்தேன். போலீஸ் பந்தலில் உட்கார்ந்து கையில் பஞ்சு மிட்டாயோடு அழுதது, மைக்கில் பெயர் சொன்னது, எல்லாம் கண்ணில் நிற்கிறது. ஒருநாள் அம்மாவிடம் தேதி கேட்டேன். "தொலைஞ்சது நீ இல்லடா, உங்க அண்ணன். நீ என் இடுப்புலதான் இருந்த" என்றார். அண்ணனிடம் கேட்டால், "ஆமா, நான்தான், அது என் கதை, இத்தனை நாளா நீ பேசிச் சம்பாதிச்சிருக்க" என்கிறான். ஒருவருக்கு நடந்ததை மற்றவர் தனக்கு நடந்ததாக நினைத்துச் சண்டை போடுவதை இரட்டையர்களிடம் உளவியலாளர்கள் ஆராய்ந்தே இருக்கிறார்கள். நான் கதையை விட்டுவிடவில்லை. தொலைந்த பிள்ளை யார் என்று இரண்டு நரைத்த ஆண்கள் போனில் அடித்துக்கொள்வதாக மாற்றினேன். பழைய கதையைவிட அது நன்றாக ஓடியது. அண்ணன் பங்கு கேட்கிறான்.

ஆகவே கடன் நோட்டின் அந்தப் பக்கத்தைப் பற்றி அப்பாவிடம் தனியாகவும் அம்மாவிடம் தனியாகவும் கேள். இரண்டு பதிலும் ஒத்துப்போகாது. ஒத்துப்போகாத இடத்தில்தான் உன் அடுத்த ஐந்து நிமிடம் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. வீட்டில் நடந்ததில் எல்லாமே ஜோக் ஆகிவிடாது, ஆனதும் என்றைக்கும் ஜோக்காகவே கிடக்கவேண்டும் என்றில்லை. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாத் தீவில் பிறந்த ஹான்னா கேட்ஸ்பி 2018-இல் வந்த 'நானெட்' நிகழ்ச்சியில் இதை மேடையிலேயே பிரித்துக் காட்டினார். அவர் பிறந்த இடத்தில் 1997 வரை தன்பாலீர்ப்பு குற்றம். ஒரு கதைக்கு ஆரம்பம், நடு, முடிவு என்று மூன்று வேண்டும், ஜோக்குக்கு முதல் இரண்டே போதும். அதனால் தன் கதைகளைச் சிரிப்பு வரும் இடத்தோடு வெட்டிவிட்டு, பிறகு நடந்ததைத் தனக்கே சொல்லிக்கொள்ளாமல் விட்டுவிட்டேன் என்பது அவர் சொன்னதன் சாரம். தாய்க்கும் அவருக்கும் இடையில் பின்னாளில் வந்த இணக்கம் அந்த முடிவுப் பகுதியில்தான் இருந்தது. ஜோக்கில் அதற்கு இடமே இல்லை. நீ உன் தாத்தா குடித்துவிட்டு வரும் கதையைச் சிரிப்பாகச் சொல்கிறாய். நன்றாகவும் சொல்கிறாய். ஆனால் தாத்தா வந்து கதவைத் தட்டுகிற இடத்தில் ஒவ்வொரு முறையும் உன் குரல் வேகமாகிறது. அந்தத் துணுக்கை ஒரு வருஷம் தூக்கி வை. மேடையில் சொல்லாமல், யாரிடமாவது முழுசாகச் சொல்லிப் பார்.

நம் ஊரில் இந்த வேலை புதிது என்று இப்போது வருகிற பிள்ளைகள் நினைக்கிறார்கள். அலெக்ஸாண்டர் பாபு ராமநாதபுரத்துக் கிராமத்திலிருந்து கிளம்பி, சாப்ட்வேர் வேலையை விட்டுவிட்டு, சினிமாப் பாட்டுகளைப் பிடித்துக்கொண்டு தன் கதையைச் சொல்லி ஓடிடி வரை போனார். அதுவும் புதிதுதான், மறுக்கவில்லை. ஆனால் வீட்டைச் சிரிப்பாக்குவது சபாக்களில் எப்போதும் இருந்தது. கிரேஸி மோகன் நாடகங்களைப் பார். கூட்டுக் குடும்பத்தில் வாழ்ந்த மனிதர்; தம்பி பாலாஜிக்கு மாது என்ற பெயரையே நிரந்தரமாக்கிவிட்டார். அவர் நாயகிகளுக்குத் தொடர்ந்து ஜானகி என்றே பெயர் வைப்பார். பள்ளியில் தன்னை முதன்முதலில் மேடையேற்றிய ஆசிரியையின் பெயர் அது. கூட்டத்துக்கு அது தெரியவேண்டிய அவசியமே இல்லை. ஜோக் தன்பாட்டுக்கு நடக்கும், நன்றி தன்பாட்டுக்கு நடக்கும். சிறுவயதை மேடைக்குக் கொண்டுவருவதற்கு இப்படியும் வழியிருக்கிறது. எல்லாவற்றையும் "எங்க வீட்ல ஒரு தடவ..." என்று தொடங்கவேண்டியதில்லை.

நாகேஷைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. அம்மைத் தழும்பு நிறைந்த முகத்தோடு தாராபுரத்திலிருந்து வந்து ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்தவர். 1964-இல் வந்த 'சர்வர் சுந்தரம்' படத்தில், கே. பாலசந்தர் எழுதிய கதையில், முகத்தை வைத்துத் தன்னைத்தானே கேலி செய்துகொள்ளும் மகனாக அவர் அம்மாவோடு பேசுகிற காட்சிகளைத் தனியாகப் போட்டுப் பார். கூட்டத்துக்காகச் செய்கிற சேட்டை வேறு, அம்மாவுக்காகச் செய்கிற சேட்டை வேறு. இரண்டையும் ஒரே உடம்பில் அவர் பிரித்துக் காட்டுவார். உன் செட்டில் எல்லாமே கூட்டத்துக்கான சேட்டை.

இனி, நீ கடைசியில் கேட்டது. "குழந்தை பிறக்கப் போகுது அண்ணே, நிறைய மெட்டீரியல் கிடைக்கும்ல?" கிடைக்கும். வாழ்த்துகள். கிடைப்பதை எல்லாம் எடுத்துவிடாதே.

உன் அப்பாவைப் பற்றி நீ பேசும்போது அவருக்கு 54 வயது. கோபம் வந்தால் போனில் திட்டுவார், ஊருக்கு வந்தால் பேசாமல் இருப்பார். பதிலடி கொடுக்கத் தெரிந்த ஆள். பிறக்கப்போகும் பிள்ளைக்கு அது முடியாது. நாங்கள் சபாவில் பேசிய காலத்தில் ஒரு பிட் வாசல் கேட்டோடு முடிந்தது. கேட்டவர் வீட்டுக்குப் போய்ப் பாதியை மறந்தார். இப்போது ரீல்ஸில் போடுகிறாய். பிள்ளை ஆறாம் வகுப்புக்கு வரும்போது, படுக்கையை நனைத்த கதையைப் பக்கத்து பெஞ்சுக்காரன் போனில் வைத்திருப்பான். என் மகளைப் பற்றி நான் பேசிய கதைகளுக்கு அவளுக்கு விவரம் தெரிந்ததும் அவளிடமே ஒப்புதல் வாங்க ஆரம்பித்தேன். கதைக்குக் கட்டணமும் கேட்டாள். கொடுத்தேன். சில கதைகளை எவ்வளவு கொடுத்தாலும் தரமாட்டேன் என்றாள். அவை இன்றைக்கும் மேடைக்கு வரவில்லை. அவற்றில் ஒன்று, என்னிடம் இருப்பதிலேயே நல்ல கதை.

பிள்ளையைச் சொல்லாமல் பிள்ளை வளர்ப்பைச் சொல்ல முடியுமா என்று கேட்பாய். முடியும். அப்பனைச் சொல். சாப்ளினின் 'தி கிட்' படத்தை 1921-இல் வந்த படம் என்று ஒதுக்காமல் பார். அவருடைய முதல் குழந்தை 1919 ஜூலையில் பிறந்து மூன்று நாளில் இறந்துபோயிற்று. அதே ஆண்டில் அந்தப் படத்தைத் தொடங்கினார். அவரே லண்டனில் வறுமையில் வளர்ந்தவர், அம்மா மனநோய் விடுதிக்கும் வீட்டுக்குமாக அலைந்தவர். இவ்வளவும் கையில் வைத்திருந்தவர் படத்தில் என்ன காட்டுகிறார்? தெருவில் கிடைத்த குழந்தைக்குப் பால் கொடுக்க வழியில்லாமல், காப்பிக் கெண்டியைக் கயிற்றில் தொங்கவிட்டு அதன் மூக்கில் ரப்பர் மாட்டுகிற ஒரு நாடோடியை. என்ன செய்வது என்று தெரியாத ஆள், ஆனால் ஒவ்வொரு சிக்கலுக்கும் ஒரு கோணங்கித்தனமான வழி வைத்திருக்கிறான். சிரிப்பு முழுக்க அவன் மேல். குழந்தையின் மேல் ஒரு சொட்டு இல்லை. நீயும் குழந்தையைக் குளிப்பாட்டத் தெரியாமல் யூடியூப் பார்க்கப் போகிறாய், மாமியார் உன் கையிலிருந்து குழந்தையை வாங்கப்போகிறார், பேறுகாலத்துக்குப் போன மனைவி வீட்டில் மூன்று நாள் விருந்தாளியாகவும் நான்காம் நாள் வேண்டாதவனாகவும் நிற்கப்போகிறாய். ஐந்து வருஷத்துக்கு இது போதும்.

காஸ்பியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன் என்றேன். 1984 முதல் 1992 வரை ஓடிய தொலைக்காட்சித் தொடரில் ஐந்து பிள்ளைகளின் தகப்பனாக, மகப்பேறு மருத்துவராக நடித்து அமெரிக்காவுக்கே அப்பா என்று பெயர் வாங்கினார். பிறகு பல பெண்கள் அவர்மேல் பாலியல் வன்முறைக் குற்றச்சாட்டு சொன்னார்கள். 2018-இல் ஒரு வழக்கில் தண்டிக்கப்பட்டார். 2021-இல் பென்சில்வேனிய உச்ச நீதிமன்றம் சட்ட நடைமுறைக் காரணத்தால் அந்தத் தீர்ப்பை ரத்துசெய்தது. ரஸ்ஸல் கதையில் இருக்கும் கைத்திறன் இதனால் அழிந்துவிடவில்லை. ஆனால் அதை இப்போது நான் பழையபடி கேட்பதில்லை. உனக்கு இதில் ஒரு விஷயம். வீட்டைப் பற்றிப் பேசுகிறவனைக் கூட்டம் நல்லவன் என்று நம்பிவிடுகிறது. அந்த நம்பிக்கையை நீ கேட்டு வாங்காதே. "நான் நல்ல அப்பா" என்ற தொனியில் வரும் எந்த வரியையும் வெட்டு. தாய்மார்கள் தினத்துக்கு, தந்தையர் தினத்துக்கு என்று நிறுவனங்கள் கூப்பிடும். நல்ல காசு, போ, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அங்கே பேசும் உருக்கமான கடைசி ஐந்து நிமிடத்தை ஓப்பன் மைக்குக்குக் கொண்டு வராதே.

அப்பாவை எப்போது நிகழ்ச்சிக்குக் கூப்பிடுவது என்பதும் உன் கடிதத்தில் இருந்தது. இப்போதைக்கு வேண்டாம். முதலில் உன் அக்காவுக்கு முன்னால் பேசிக் காட்டு. அவர் அந்த வீட்டில் வளர்ந்தவர், காசு கொடுத்து டிக்கெட் வாங்காதவர், உனக்குப் பரிதாபப்பட மாட்டார். அவர் சிரித்தால் சிரிப்பு நிஜம். "அம்மாவ இப்படிச் சொல்லாத" என்றால் அந்த வரியை எடு, காரணம் கேட்காதே. ரயிலில் ஊருக்குப் போகும்போது டிபன் கட்டிக்கொண்டு போய் இதைச் செய், போனில் வேண்டாம்.

பிறகு எட்டு நிமிடத்தை ஐந்தாகக் குறைத்து எனக்கு மறுபடி அனுப்பு. வீடியோ வேண்டாம், ஆடியோ போதும். உன் முகத்தைப் பார்த்தால் நீ எவ்வளவு பாடுபடுகிறாய் என்று தெரிந்துவிடுகிறது, உடனே எனக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது.

அன்புடன்,
அண்ணன்